மூன்றாவது ஓலையும் பம்பு செட்டுத் தொட்டியும்

உத்திரமேரூரில் இந்த வருஷம் எல்லாச் சபைகளும் சேர்ந்து ஒரே மேடை போட்டு ஐக்கிய ஜெப வாரம் நடத்தப் போகிறார்களாம். ஆர்.சி. கோயில் பாதர், எங்கள் மிஷன் கோயில் ஐயர், பெந்தெகொஸ்தே பாஸ்டர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவார்களாம். எனக்குப் பிறகு பைபிள் உமன் வேலைக்கு வந்திருக்கும் பெண் வீடு தேடி வந்து, "அம்மா, சபை ஐக்கியத்த பத்தி நீங்க பத்து நிமிஷம் பேசணும்" என்றாள். யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். யாரும் அனுப்பவில்லை, அவளாகவே வந்தாளாம். நான் நம்பவில்லை. நடு நாற்காலியில் யார் உட்காருவது என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் ஐக்கியத்தைப் பற்றி என்ன பேசுவது? மைக் வேண்டாம், எழுதித் தருகிறேன், துணிச்சல் இருந்தால் ஜெப வார மலரில் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பைபிள் உமன் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்போம். ஐயர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார். மற்ற நாட்களில் வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து, வேதம் வாசித்து ஜெபம் செய்து, யாருக்குப் பிரசவம், யார் வீட்டில் சண்டை, யார் கோயிலுக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று பார்த்து வந்து அவரிடம் சொல்வது என் வேலை. பாதி ஊழியம், பாதி சி.ஐ.டி. உத்தியோகம். பயிற்சிப் பள்ளியில் வேதமும் ஞானப்பாட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். சந்தேகப்படுவதை யாரும் சொல்லித் தரவில்லை. அது நான் பிறந்த வீட்டிலிருந்தே கொண்டு வந்தது.

ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்ப்பேன். அந்த வீட்டுச் செருப்பா, வந்தவர் செருப்பா என்று. பிறகு உள்ளே போய் "ஸ்தோத்திரம்" என்பேன். பதிலுக்கு "ஸ்தோத்திரம்மா" என்று வந்தால் வீடு நம்முடையது. "பிரைஸ் த லார்ட்" என்று வந்தால் யாரோ வந்து போகிறார்கள் என்று அர்த்தம். அடுத்தது காது. பெந்தெகொஸ்தேக்காரர்கள் நகை போட மாட்டார்கள். ஒரு பெண்ணின் காதில் கம்மல் காணோம் என்றால், ஒன்று கம்மல் அடகுக் கடையில் இருக்கிறது, இல்லையென்றால் அவள் பாஸ்டரின் ஜெபக் கொட்டகையில் இருக்கிறாள். அடகுக் கடை என்றால் முகம் வாடியிருக்கும். கொட்டகை என்றால் முகம் பளிச்சென்று இருக்கும். இந்தக் கணக்கு எனக்குத் தப்பியதே இல்லை.

எங்களுக்கும் அவர்களுக்கும் தகராறு தண்ணீரில்தான். நாங்கள் கைக்குழந்தைக்கே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவோம். அது செல்லாது, வளர்ந்து விவரம் தெரிந்து தண்ணீரில் முழுகி எடுக்க வேண்டும் என்பார்கள் அவர்கள். நம் ஆள் ஒருவர் அங்கே போய் முழுகிவிட்டால் எங்கள் சபை விலக்கி வைத்துவிடும். திருவிருந்து கிடையாது. ஐயர் கல்யாணம் செய்து வைக்க மாட்டார். கல்லறையில் இடம் கிடைப்பதும் சந்தேகம். அப்படி ஆளை இழுப்பதற்கு இந்தப் பக்கத்தில் 'ஆடு திருடுவது' என்று பெயர். இரண்டு பக்கமும் மற்றவரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

என் கடைசி வருஷங்களில் இருந்த ஐயர் திருநெல்வேலிக்காரர். கோபமே வராது. முடியாது என்று யாரிடமும் சொல்ல மாட்டார். கேள்வி கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார். அவர் மனதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அவர் வீட்டில் சாதாரணமாக டீ கண்ணாடிக் கிளாசில் வரும். ஏதாவது காரியம் நடக்க வேண்டும் என்றால், பூப்போட்ட கப்பும் சாசரும் அலமாரியிலிருந்து இறங்கும். அன்றைக்கு நான் வாயைக் கட்டிக்கொள்வேன்.

மாகறல் தானியேல் மகள் கல்யாணம் பேச, பெந்தெகொஸ்தே பாஸ்டர் வந்த அன்று பூப்போட்ட கப்பு இறங்கியது.

தானியேலும் அவர் மனைவி ரூத்தும் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற கூலிக்காரர்கள். அவர்களுடைய இளைய மகள் சலோமி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி வேனில் வரும் பெஞ்சமினுக்கும் அவளுக்கும் பிடித்துப் போயிற்று. பெஞ்சமின் வீடு பாஸ்டர் சபை. சலோமி எங்கள் சபை. நான் மடியில் வைத்து வசனம் சொல்லிக் கொடுத்த பிள்ளை. வேறு சாதி இல்லை, வேறு மதம் இல்லை, சொந்தக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் தானியேல் முகத்தில் பயம் இருந்தது. இரண்டு சபையில் ஏதாவது ஒன்று கையை விரித்தால் கல்யாணம் நின்றுவிடும். மண்டபத்துக்குச் சொல்லி ஊரெல்லாம் அழைத்த பிறகு நின்றுபோன கல்யாணத்துப் பெண்ணை அந்தத் தெருவில் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

பாஸ்டர் ஆப்பிள் பழம் வாங்கி வந்திருந்தார். ஐயர் எழுந்து நின்று வரவேற்றார்.

"பாஸ்டர், பிள்ளைங்க விரும்பிட்டாங்க. நாம ரெண்டு பேரும் ஒரே கர்த்தருக்குத்தான ஊழியம் செய்யுதோம்" என்றார் ஐயர்.

"ஆமா ஐயரே. சபை வேற வேற, சரீரம் ஒண்ணுதான். எங்களுக்கு ஒரு கண்டிஷனும் இல்லீங்க" என்றார் பாஸ்டர்.

கல்யாணம் எங்கள் கோயிலிலும் வேண்டாம், அவர்கள் கொட்டகையிலும் வேண்டாம், உத்திரமேரூரில் ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஐயர். சரி என்றார் பாஸ்டர். நகை வேண்டாம் என்றார் பாஸ்டர். சரி என்றார் ஐயர். உடன்படிக்கை ஐயர் வாசிக்க வேண்டும், ஆசீர்வாத ஜெபம் பாஸ்டர் செய்ய வேண்டும். அதற்கும் சரி. டிரம்ஸ் வாசிப்பார்கள், ஆனால் மெதுவாக வாசிப்பார்கள். எங்கள் சபை வழக்கப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவும் பாஸ்டர் ஒத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் அரித்தது. பெரிதாக எதையும் கேட்காத ஆளை நான் நம்பியதில்லை. எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவர் வேறு எங்கோ கேட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.

"முழுக்கு?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஐயர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அத்த பத்தி இப்ப இன்னா சிஸ்டர்? ஆவியானவரு நடத்துறபடி நடக்கட்டும்" என்றார் பாஸ்டர். அவர் அப்படிச் சொன்னால், நாளே குறித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

ஓலை என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவே, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நடக்கப் போகிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் வாசிப்பார். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு உயிர் தொண்டையில் நிற்கும். முதல் ஓலையும் இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. யாரும் இருமக்கூட இல்லை.

மூன்றாவது ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் மாகறல் போனேன். தானியேல் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ரூத்து எங்கம்மா?"

"ஜெபத்துக்குப் போயிகீறாங்கம்மா. சலோமியும் லீவு போட்டுட்டு போயிகீது. கயனி பக்கம்."

கழனியில் என்ன ஜெபம்? குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். கரும்புத் தோட்டம் தாண்டியதும் கைதட்டிப் பாடுகிற சத்தம் கேட்டது. மோட்டார் ரூம் சுவர் மறைவில் நின்று பார்த்தேன். பம்பு செட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர். நடுவில் வெள்ளைச் சேலையில் சலோமி நின்றாள். பாஸ்டர் ஒரு பக்கம், அவர் மனைவி ஒரு பக்கம். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று சொல்லி அவளைப் பின்பக்கமாகச் சாய்த்து முழுக்கித் தூக்கினார்கள். எங்கள் ஐயர் சொல்லும் அதே வார்த்தைகள். ஒரு எழுத்துக்கூட மாற்றமில்லை. கரையில் ரூத்து துண்டோடு நின்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பாஸ்டர் மேல் அவ்வளவு இல்லை, அவர் செய்வார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் மேல்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. யாரும் பார்ப்பதற்குள் திரும்பி நடந்து பஸ் பிடித்தேன். ஐயரிடம் சொன்னால் மூன்றாவது ஓலை வாசிக்க மாட்டார். சொல்வது என் வேலை. சொல்லாமல் இருக்க எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சொல்வதற்கென்றே போனேன். ஐயர் கோயிலில் இருக்கிறார் என்றார் ஐயரம்மா. சனிக்கிழமை மத்தியானம் கோயிலில் என்ன வேலை? பக்கக் கதவு ஒருக்களித்திருந்தது. ஐயர் முழு அங்கி போட்டுக்கொண்டு பலிபீடத்தின் முன் நின்றார். கிராதியருகே ஒரு வாலிபன் முழங்காலில் நின்றான். பெஞ்சமின்.

ஐயர் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். வேறு சபையிலிருந்து வருகிறவரை எங்கள் சபையில் சேர்த்துக்கொள்வதற்கு வலது கை ஐக்கியம் கொடுப்பது என்று பெயர். மறுபடி ஞானஸ்நானம் எல்லாம் நாங்கள் கொடுக்க மாட்டோம், அவன் முழுகியதே போதும் என்போம். கையைக் கொடுத்துவிட்டு, திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கொடுத்தார். ஆக, நேற்று அங்கே ஒரு ஆடு, இன்றைக்கு இங்கே ஒரு ஆடு. நான் கதவருகிலேயே நின்றேன். பையன் என்னைப் பார்க்காமல் முன்வாசல் வழியாகப் போனான். ஐயர் பார்த்துவிட்டார்.

"யாருட்டயும் சொல்லாதிய, பைபிளம்மா. அவனாத்தான் வந்து கேட்டான்."

"எப்ப கேட்டான் ஐயா?"

"பாஸ்டர் வந்துட்டுப் போனாருல்லா, அன்னைக்குச் சாயங்காலமே."

அதற்குள் ஓலை இரண்டு வாசித்தாயிற்று. அத்தனை நாளும் என்னிடம் மூச்சு விடவில்லை. இத்தனை வருஷமாக ஊரில் யார் தும்மினாலும் நான் வந்து சொல்லியிருக்கிறேன். ஐயர் வீட்டுக்குள் கூப்பிட்டார், எனக்கும் பூப்போட்ட கப்பு வந்தது. டீ நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை பார்த்ததை நான் சொல்லவில்லை. அவர் ஒளித்ததை அவர் வைத்துக்கொள்ளட்டும், நான் பார்த்தது என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. அது நல்ல குணம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார். பெண்கள் பக்கம் பாயில் சலோமி எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டைக் காது மூட இழுத்துப் போட்டிருந்தாள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் நிறுத்திய நேரத்தில் அவள் தலை குனிந்தது, முக்காடு நழுவியது. காதில் கம்மல் இல்லை. ஆனால் இரண்டு துவாரத்திலும் துடைப்பக் குச்சி ஒடித்துச் செருகியிருந்தது. தூர்ந்துவிடாமல் இருக்க வைப்பார்களே, அந்தக் குச்சி. எனக்குப் புரியவில்லை. நகையை ஆண்டவருக்காக விட்டவள் துவாரத்தை எதற்குக் காப்பாற்றுகிறாள்? முழுகியதே பொய்யோ? அந்தக் குழப்பத்தில் நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். ஐயர் அடுத்த பாட்டைச் சொல்லிவிட்டார்.

கல்யாணம் புதன்கிழமை. மணப்பெண்ணுக்குத் தலையில் வெள்ளை நெட் குத்தி மேடை வரைக்கும் கூட்டிப் போவது பைபிள் உமன் வழக்கம். மண்டபத்து மாடி அறையில் மற்றப் பெண்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போட்டேன்.

"இந்தக் குச்சி எதுக்குடி?"

"தூந்து பூடாம இருக்கம்மா."

"பம்பு செட்டுல முங்கினவளுக்கு ஓட்ட தூந்தா இன்னா?"

அவள் பயப்படவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "பாத்துட்டீங்களா?"

"பாத்தேன். உன் மாப்ள ஐயருகிட்ட முட்டி போட்டதையும் பாத்தேன். அது உனக்குத் தெரியுமா?"

"நான்தான் அனுப்பினேன்" என்றாள்.

என் கையில் இருந்த ஊக்கு கீழே விழுந்தது. சலோமி குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் வேன்ல பேசி வச்சிதான் பண்ணோம்மா. நான் அங்க போயிட்டா பாஸ்டரு நிறுத்த மாட்டாரு. பெஞ்சமின் இங்க வந்துட்டா ஐயரு நிறுத்த மாட்டாரு. ஒருத்தருக்கொருத்தரு சொல்லிக்கவும் மாட்டாங்க. அவங்க என்னிக்கி மனசு உட்டு பேசிக்கினாங்க?"

"கல்யாணம் ஆயிட்ட பின்னாடி தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியட்டும். அப்ப ரெண்டு சபையிலயும் எங்கள்ல ஒரு ஆளு இருப்போம். எங்க அக்காவுக்கு ஒரு சபையுமே இல்லியேம்மா. நீங்கதான் பாத்தீங்களே."

பார்த்தேன். அவள் அக்கா மார்த்தாளும் இதே மாதிரி ஒரு வீட்டுக்குத்தான் வாழ்க்கைப்பட்டுப் போனாள். முழுக்கு எடுக்கவில்லை. மஞ்சள் காமாலையில் செத்தபோது, அவள் முழுகாதவள் என்று அந்தச் சபையில் வரவில்லை, அங்கே போய்விட்டவள் என்று எங்கள் சபையில் அப்போதிருந்த ஐயரும் வரவில்லை. நான் போனேன். ஆனால் அடக்கம் பண்ண எனக்கு அதிகாரம் கிடையாது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் தானியேல், மகளின் குழிக்குப் பக்கத்தில் நின்று தானே சங்கீதம் வாசித்து, தானே மண் தள்ளினார். ஏரிப் புறம்போக்கில்.

"அதுக்காக சாமிகிட்டயே நாடகம் ஆடுவியா?" என்று கேட்டேன். என் குரலில் பழைய காரம் இல்லை.

"நாடகம் இல்லம்மா. முங்கி எய்ந்தப்ப நெஜமாவே அயுதேன். எனக்குக் கொயந்தையில தெளிச்சத யாரும் அயிக்கல. இதுவும் அவரு பேர்லதான் பண்ணாங்க, அதுவும் அவரு பேர்லதான். அவரு இன்னா, எண்ணிக்கினா இருக்காரு?"

"அப்ப குச்சி?"

சலோமிக்கு முதல் தடவையாக வெட்கம் வந்தது. "அது கம்மல் ஆசம்மா. வேற ஒண்ணுமில்ல."

நான் எதையெல்லாமோ நினைத்து மூன்று நாள் தூங்காமல் கிடந்தேன். இவளுக்குக் கம்மல் ஆசையாம். ஆனாலும் என் புத்தி விடுமா? என் வாயை அடைப்பதற்காக அக்காவை இழுக்கிறாளோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கீழே டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. மெதுவாக வாசிக்கவில்லை.

மேடையில் இரண்டு பேரும் ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு ஐக்கியத்தைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் ஐயர் முகத்தில் ஜெயித்த களை. பாஸ்டர் முகத்திலும் அதே களை. இவரைப் பார்த்து அவர் பரிதாபப்படுகிறார், அவரைப் பார்த்து இவர் பரிதாபப்படுகிறார். பிறகு ஐயர் முறைப்படி, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர் எவராவது இருந்தால் இப்போதே சொல்லட்டும் என்று வாசித்து நிறுத்தினார்.

நான் மணப்பெண்ணுக்குப் பின்னால் நெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தானியேல் முன்வரிசையில், புது வேட்டியில், யாரோ அடிக்க வருகிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். ஐயர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பாஸ்டர் ஜெபிக்கிறவர் போல ஒரு கண்ணை மூடியிருந்தார், மறு கண் என் மேல் இருந்தது. நான் வாயைத் திறந்தால் இரண்டு பேருடைய வேஷமும் அந்த இடத்திலேயே கலைந்துவிடும். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஆசை இருந்தது. என் விரல் பட்ட இடத்தில் சலோமியின் தோள் நடுங்கியது. மாடியில் அத்தனை சாமர்த்தியம் பேசியவள் இங்கே நடுங்கினாள். அவள் சொன்னது எல்லாம் நிஜம் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. நெட்டில் ஒரு சுருக்கம் இருந்தது, அதை நீவி விட்டேன். ஐயர் அடுத்த வரியை வாசித்தார்.

பந்தியில் பிரியாணி பரிமாறும்போது ஐயர் என்னைத் தூணோரம் கூப்பிட்டார். "பைபிளம்மா, அந்தப் பையன் இனி நம்ம ஆளு. அந்தச் சபைக்காரங்க மறுபடி இழுத்துருவாங்க. வாரா வாரம் வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கிடுங்க" என்றார்.

கை கழுவுகிற இடத்தில் பாஸ்டர் நின்றிருந்தார். "சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பொண்ணு இனிமே எங்க ஆத்துமா. நீங்க அந்த வூட்டுக்கு வந்து கொயப்பத் தேவையில்ல" என்றார்.

இரண்டு பேருக்கும் சரி என்றேன். ஐயர் போகச் சொன்னதற்காக ஒரு வாரமும், பாஸ்டர் போகக் கூடாது என்றதற்காக அடுத்த வாரமும் போனேன். பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும் போகிறேன். புருஷனும் பெண்சாதியும் ஒரு ஞாயிறு இங்கே, ஒரு ஞாயிறு அங்கே என்று சேர்ந்தே போய் வருகிறார்கள். இரண்டு சபையும் தங்கள் ஆளைத் தாங்கள் விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் அந்த வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் ஓடி வருகிறது. போன வருஷம் தானியேல் இறந்தபோது ஐயரும் வந்தார், பாஸ்டரும் வந்தார். ஒருவர் வாசிக்க ஒருவர் ஜெபித்தார். இவர் போகும்வரை அவர் போகவில்லை.

நான் போனால் சலோமிதான் கதவைத் திறப்பாள். இடுப்பில் பிள்ளை, காதில் கம்மல். பாஸ்டர் வரும் நாளில் மட்டும் குச்சி.

"இன்னிக்கி யாருக்கோசரம் வந்தீங்கம்மா?" என்று கேட்பாள்.

"உனக்கோசரம்தாண்டி" என்பேன்.

அவள் ஒரு நாளும் நம்பியதில்லை.